தீவாகும் முன்பே

இலங்கையில் முதன்முதலாகக் குடியேறிய மனிதர்கள் கடல் கடந்து போகவில்லை, நடந்து போனார்கள் என்பதே இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கும் கருத்து. அவர்கள் போன காலத்தில் இலங்கை தீவாக இல்லை. தென்னிந்தியாவின் தென்கிழக்கு மூலையோடு ஒட்டிக்கிடந்த மலைநாடாக இருந்தது. அந்தமானுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இந்தச் சலுகை கிடையாது. பனிக்காலத்தில் கடல் எவ்வளவு இறங்கியபோதும் அந்த நிலங்களைச் சுற்றித் தண்ணீர் இருந்தது. அங்கே போனவர்கள் மரத்தையோ மூங்கிலையோ கட்டி மிதந்துதான் போயிருக்க வேண்டும். இலங்கையைப் பற்றிய கேள்விகள் வேறு: எந்த வழியாகப் போனார்கள், எப்போது போனார்கள், போகும்போது எப்படிப்பட்ட பிழைப்பு அவர்களுக்குத் தெரிந்திருந்தது?

இந்த வழியைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் ராமேசுவரத்தில் தொடங்குவார்கள். குமரி மாவட்டத்தின் நாஞ்சில் நாட்டில் தொடங்குவது இன்னும் பொருத்தம். ஆதிக் குடியேற்றத்தைப் பற்றித் தமிழில் அதிகம் பேசப்பட்ட கோட்பாடான குமரிக்கண்டம் இந்தக் கடற்கரையைத்தான் சுட்டுகிறது. கல்லாயுதங்கள் கிடைத்த செம்மணலும் இங்கேயே தலைகாட்டத் தொடங்கிவிடுகிறது.

நாகர்கோவிலுக்குத் தென்மேற்கே, முட்டம் கலங்கரை விளக்கத்துக்கு அருகில் அந்தச் செம்மணலைப் பார்க்கலாம். மழைநீர் அரித்து அரித்து உண்டாக்கிய ஓடைகளும் மதில்போல நிற்கும் சிவந்த மேடுகளும் கடலைப் பார்த்தபடி கிடக்கின்றன. 'அலைகள் ஓய்வதில்லை', 'கடலோரக் கவிதைகள்' படங்களைப் பார்த்தவர்களுக்கு இந்த ஊர் அறிமுகமானதுதான். கதாநாயகன் ஓடும் மேட்டுக்கு ஒரு வயது உண்டு என்பது மட்டும் படத்தில் தெரியாது. இந்த வகை மணற்குன்றுக்குத் தேரி என்று பெயர். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் அது பல மைல் அகலத்துக்கு விரிந்து கிடக்கிறது. குமரி மாவட்டத்தில் துண்டு துண்டாக இருக்கிறது. பக்கத்திலுள்ள மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் இல்மனைட், கார்னெட், மோனசைட் கலந்த மணலை மத்திய அரசு நிறுவனம் அள்ளிப் பிரித்தெடுக்கிறது. இத்தகைய இரும்புச் சத்துள்ள கனிமங்கள் காற்றிலும் மழையிலும் சிதைந்து, மணலின் ஒவ்வொரு பருக்கையையும் துருவால் போர்த்தியதுதான் தேரியின் சிவப்பு.

மணல் எங்கிருந்து வந்தது என்பதில் இரண்டு கருத்துகள் உண்டு. மேற்குமலை அடிவாரத்துச் செம்மண்ணை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாயும் தென்மேற்குக் காற்று கடற்கரைவரை அடித்துக்கொண்டு வந்தது என்பது பழைய கருத்து. முப்பந்தலில் காற்றாலைகள் சுழல்வதை ஆடி மாதத்தில் ஒரு நாள் நின்று பார்த்தால் அந்தக் கருத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. கடல் பின்வாங்கிய காலத்தில் வெளியே கிடந்த கடலடி மணலைக் காற்று உள்ளே தள்ளியது என்பது மற்றது. இரண்டும் சேர்ந்தே நடந்திருக்கலாம். இந்தக் கட்டுரைக்கு முக்கியமானது இரண்டாவதுதான். கடல் பின்வாங்கிய அந்தக் காலம்தான் இங்கே பேசப்படும் காலம்.

கன்னியாகுமரி முனையில் நிற்பவர்களுக்கு வழிகாட்டிகள் சொல்லும் கதை ஒன்றுண்டு. திருவள்ளுவர் சிலைக்கு அப்பால், தெற்கே, ஆப்பிரிக்காவையும் ஆஸ்திரேலியாவையும் தொட்டுக்கொண்டு ஒரு கண்டம் இருந்தது. மனிதன் அங்கேதான் தோன்றினான். கடல் அதைக் கொண்டுபோனது. தப்பியவர்கள் வடக்கே ஏறி வந்தார்கள். இந்தக் கதைக்கு இரண்டு வேர்கள். ஒன்று தமிழ் வேர். இறையனார் களவியல் உரையும் சிலப்பதிகாரத்துக்கு அடியார்க்குநல்லார் எழுதிய உரையும் கடல்கோளால் இழந்த பாண்டிய நாட்டைப் பேசுகின்றன. பஃறுளி ஆற்றுக்கும் குமரி ஆற்றுக்கும் இடையே 49 நாடுகள் இருந்தன என்கிறார் அடியார்க்குநல்லார். பஃறுளியை இந்த மாவட்டத்தில் ஓடும் பறளியாற்றோடு இணைத்துப் பார்ப்பவர்களும் உண்டு. இன்னொரு வேர் லண்டனில் இருக்கிறது. லெமூர் என்ற விலங்கினம் மடகாஸ்கரிலும் அதன் சொந்தங்கள் இந்தியாவிலும் இருப்பது எப்படி என்று விளக்க, பிலிப் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர் 1864இல் கடலில் மூழ்கிய ஒரு நிலத்தைக் கற்பித்து லெமூரியா என்று பெயர் வைத்தார். ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் ஹேக்கல் அதையே மனித இனத்தின் தொட்டிலாக்கினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த இரண்டு வேர்களும் தமிழில் ஒன்றாகப் பின்னப்பட்டன. 1981இல் மதுரையில் நடந்த உலகத் தமிழ் மாநாட்டில் இதைப் பற்றி ஆவணப்படமே காட்டப்பட்டது.

கண்டங்கள் நகர்கின்றன என்பது உறுதியானபின் ஸ்கிளேட்டரின் புதிருக்கு லெமூரியா தேவைப்படவில்லை. குமரிமுனைப் பாறைகளும் இலங்கை மலைநாட்டுப் பாறைகளும் மடகாஸ்கர் பாறைகளும் உண்மையிலேயே உறவுக்காரர்கள்தான். ஆனால் மடகாஸ்கர் இந்தியாவை விட்டுப் பிரிந்து கிட்டத்தட்ட 9 கோடி ஆண்டுகள் ஆகின்றன. நம் மனித இனத்தின் வயது சுமார் 3 லட்சம் ஆண்டு. அந்தப் பிரிவைப் பார்த்திருக்க ஒரு மனிதன்கூட இல்லை. நிலவியலாளர் சு.கி. ஜெயகரன், நாகர்கோவிலில் இயங்கும் காலச்சுவடு வெளியிட்ட 'குமரி நில நீட்சி' நூலில் இதைத் தமிழில் பொறுமையாக எடுத்துச் சொன்னார். தலைப்பிலேயே அவர் முடிவு இருக்கிறது: கண்டம் இல்லை, நீட்சி உண்டு.

அந்த நீட்சியைக் குமரி மாவட்டத்து மீனவர்கள் நன்றாக அறிவார்கள். முனைக்குத் தெற்கே ஆழம் குறைந்த பரந்த கடலடி மேடு ஒன்று இருக்கிறது. வாட்ஜ் பேங்க் என்று பெயர்பெற்ற இந்த மீன்வளப் பரப்பில் இந்தியாவின் உரிமையை 1976ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தம் உறுதிசெய்தது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனிக்காலத்தின் உச்சத்தில், உலகக் கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அப்போது குமரிமுனை இன்றைய முனையில் இல்லை. சில பத்து கிலோமீட்டர் தெற்கே இருந்தது. இன்று வலை விழும் இடத்தில் மானும் மேய்ந்திருக்கும், ஆளும் நடந்திருப்பான். கடல் திரும்ப ஏறியதைச் சராசரியாகப் பார்த்தால் நூறு ஆண்டுக்கு ஒரு மீட்டர் கணக்குத்தான். ஆனால் சுமார் 14,500 ஆண்டுகளுக்கு முன்பு போன்ற சில காலங்களில் அது நூறாண்டுக்கு நான்கு மீட்டர் வேகத்தில் ஏறியது. தட்டையான கரையில் அந்த ஏற்றத்தை ஒரு பாட்டியும் பேத்தியும் சேர்ந்து பார்த்திருக்க முடியும். கடல்கோள் கதைகளுக்கு இது விதை என்று சிலர் சொல்வார்கள். பல ஆயிரம் ஆண்டு வாய்வழி நினைவு அப்படியே தங்கும் என்று நம்புவதைவிட, 2004 டிசம்பர் 26 காலையில் மணக்குடிப் பாலத்தைப் பெயர்த்துப்போட்டது போன்ற அலைகள் அவ்வப்போது வந்து கதையைப் புதுப்பித்தன என்று கொள்வது எளிது.

நீட்சி இருந்தாலும் குமரியிலிருந்து நேராக இலங்கைக்கு நடக்க வழியில்லை. மன்னார் வளைகுடாவின் தென்பகுதி ஆயிரம் மீட்டருக்கும் மேல் ஆழம் போகிறது. எந்தப் பனிக்காலத்திலும் அது வற்றவில்லை. மேற்குக் கரையோரமாக இறங்கி வந்தவர்கள் இங்கே ஒரு மூலையைச் சந்தித்து, வடகிழக்கே திரும்பியிருக்க வேண்டும். இன்றைய கிழக்குக் கடற்கரைச் சாலையும் அதே திருப்பத்தைத்தான் எடுக்கிறது.

திரும்புமுன் மலைப்பக்கம் ஒரு பார்வை போட வேண்டியிருக்கிறது. கீரிப்பாறைக்கு மேலே ரப்பர் தோட்டங்கள் முடிகிற இடத்தில் தொடங்கும் ஈரக்காடும் இலங்கையின் தென்மேற்கு மழைக்காடும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். உயிரியலாளர்கள் மேற்குமலையையும் இலங்கையையும் ஒரே பல்லுயிர் வளப் பகுதியாக எண்ணுகிறார்கள். ஆனால் 2004இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு ஆச்சரியமான ஒன்றைக் காட்டியது. தவளை, நன்னீர் நண்டு, மண்ணுக்குள் வாழும் பாம்பு போன்ற ஈரக்காட்டு உயிர்களில் இலங்கையின் கிளைகள் பெரும்பாலும் தனித்தே வளர்ந்திருக்கின்றன. நிலம் பலமுறை இணைந்தும் அவை அதிகம் போகவில்லை, வரவில்லை. இணைப்பு நிலம் வறண்ட முள்காடாக இருந்திருக்கும். தவளையால் அதைக் கடக்க முடியாது. மனிதன் கடந்தான். அவனிடம் நெருப்பு இருந்தது, தண்ணீரைச் சுமக்கும் வழி இருந்தது. இந்த ஓர் ஒப்பீடு, நடந்து போனவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதைப் பல எலும்புகளைவிட நன்றாகச் சொல்கிறது.

இந்த மலையின் காணிக்காரர்களையும் இலங்கையின் வேடர்களையும் சேர்த்துப் பேசும் வழக்கம் நூறாண்டுக்கு மேற்பட்டது. சுவிட்சர்லாந்தின் சாரசின் உறவினர்களான பவுல், ஃபிரிட்ஸ் இருவரும் 1907இல் வேடர் நாட்டுக் குகைகளைத் தோண்டிக் கல்லாயுதங்களை எடுத்தார்கள். தென்னிந்திய மலைக்குடிகளும் வேடர்களும் ஒரே ஆதி இனத்தின் எச்சங்கள் என்ற கருத்து அந்தக் காலத்தில் வேரூன்றியது. மண்டையோட்டையும் மூக்கின் அகலத்தையும் அளந்து இனம் பிரித்த அந்த முறை இன்று கைவிடப்பட்டுவிட்டது. வேடர்களுக்கும் இந்தியப் பழங்குடிகளுக்கும் இடையே மிகப் பழைய உறவு இருப்பதை மட்டும் மரபணு ஆய்வுகள் வேறு வழியில் காட்டுகின்றன. அளவுகோல் தவறாக இருந்தும் விடை பாதி சரியாக அமைந்த விந்தை இது.

ஆரல்வாய்மொழிக்கு அப்பால் நிலம் காய்கிறது. கூடங்குளம் தாண்டி, கால்டுவெல் 1841இல் வந்து தங்கிய இடையன்குடியை நெருங்கும்போது செம்மணல் மீண்டும் தோன்றுகிறது. திருச்செந்தூருக்கு மேற்கே குதிரைமொழித் தேரியில் அது முழு உருவம் கொள்கிறது. நாஞ்சில் நாட்டில் அக்கானி என்பதை இங்கே பதநீர் என்கிறார்கள். உடன்குடிக் கருப்பட்டி இந்தப் பனைகளிலிருந்துதான் வருகிறது. கொல்லாமரங்களும் உடைமரங்களும் தவிர வேறொன்றும் நிற்காத மணல் என்று தோன்றும். ஆனால் தேரி மழைநீரைக் குடித்து வைத்துக்கொண்டு அடியில் கசியவிடும். அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலின் சுனை அப்படிப்பட்டது. மணற்குன்றுகளுக்கு இடையே மழைக்காலத்தில் தேங்கும் ஆழமற்ற நீர்நிலைக்கு இங்கே தருவை என்று பெயர். பழங்கால மனிதர்கள் வெந்த மணலில் ஏன் தங்கினார்கள் என்று கேட்கிறவருக்குச் சுனையும் தருவையும்தான் பதில்.

1863இல் பல்லாவரத்தில் இந்தியாவின் முதல் பழைய கற்கால ஆயுதத்தை அடையாளம் கண்ட ராபர்ட் புரூஸ் ஃபூட், பின்னர் சாயர்புரம் தேரியில் சின்னஞ்சிறு கல்லாயுதங்களைக் கண்டார். 1956இல் எஃப்.இ. சாய்னரும் பிரிட்ஜெட் ஆல்ச்சினும் இந்த இடங்களைப் பற்றி 'ஏன்ஷியன்ட் இந்தியா' இதழில் விரிவாக எழுதினார்கள். பிறைவடிவக் கூர்கள், முதுகு மழுங்கடித்த அலகுகள், இரு முகமும் செதுக்கிய அம்புமுனைகள். பெரும்பாலும் வெண்படிகக் கல்லிலும் செர்ட் கல்லிலும் செய்தவை. பல விரல்நக அளவே இருக்கும். தனியே பிடித்து வேலை செய்ய அல்ல, மரத்திலோ மூங்கிலிலோ பொருத்தி அம்பாகவும் முள்ளாகவும் பயன்படுத்த. குன்றுகளின் நடுவே, காயலோரமாகத் தங்கி மீனும் சிறு விலங்கும் பிடித்தவர்களுடையவை இவை என்பது அவ்விருவரின் முடிவு. கடல்மட்டத்தை வைத்து அவர்கள் போட்ட கணக்கு கி.மு. 4000 வாக்கில் நின்றது. ஒளிர்வு முறையில் மணலின் வயதைக் கணித்த பிந்தைய ஆய்வுகள், குன்றுகள் உருவானதைப் பனிக்காலத்தின் முடிவுவரை பின்னே கொண்டுபோகின்றன.

இலங்கையின் பண்டாரவளை மலைப்பகுதியில் கிடைத்த அம்புமுனைகள் தேரி முனைகளைப் போலவே இருக்கின்றன. இதிலிருந்து தேரி மக்கள் இலங்கைக்குப் போனார்கள் என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். காலக்கணிப்பு வந்தபின் அந்த வாதம் தலைகீழாகிவிட்டது. இலங்கைக் குகைகளின் நுண்கற்கருவிகள் தேரிக் கருவிகளைவிடப் பல பத்தாயிரம் ஆண்டு மூத்தவை. ஆந்திரத்தின் ஜ்வாலாபுரத்தில் கிடைத்த 38,000 ஆண்டு வாக்கிலான நுண்கற்கருவிகளையும்விட மூத்தவை. ஒரே வடிவக் கருவி இரண்டு ஊர்களில் கிடைத்தால், ஆள் போனதற்கு அது பயணச்சீட்டு ஆகாது.

ராமேசுவரம் தாண்டி, 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியின் இடிபாடுகளைக் கடந்தால் அரிச்சல்முனையில் சாலை முடிகிறது. அங்கிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர். இடையே மணல்திட்டுகளும் பவளப்பாறையும் கலந்த வரிசை. பல இடங்களில் ஆழம் ஓரிரு மீட்டர்தான். வடக்கே பாக் நீரிணையும் பெரும்பாலும் 15 மீட்டருக்குள் அடங்கிவிடும். கடல் 10 மீட்டர் இறங்கினாலே இரண்டு நிலமும் கைகோத்துக்கொள்ளும் என்கிறார் இலங்கைத் தொல்லியலாளர் சிரான் தெரணியகல. கடந்த 7 லட்சம் ஆண்டுகளில் பதினேழு முறையாவது இந்த இணைப்பு தோன்றியிருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. கடைசியாகப் பிரிந்தது சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன். ஒற்றையடிப் பாலம்போல ஒன்றைக் கற்பனை செய்வது தவறு. பனிக்காலத்தில் பாக் நீரிணை முழுவதுமே தரை. சோழமண்டலக் கரைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே அகன்று கிடந்த சமவெளி. அதைக் கடந்தவர்கள் இன்னொரு நாட்டுக்குப் போகிறோம் என்று எண்ணியிருக்க மாட்டார்கள். அடுத்த தண்ணீரையும் அடுத்த வேட்டையையும் நோக்கிப் போன தலைமுறைகள் அவை. இன்று அந்த முப்பது கிலோமீட்டரைக் கடக்க விரும்புகிற பயணி நாகப்பட்டினம்வரை வடக்கே போய்க் காங்கேசன்துறைக் கப்பலைப் பிடிக்க வேண்டும், அல்லது விமானம் ஏற வேண்டும்.

எப்போது நடந்தார்கள் என்பதில் கருத்துகள் இரண்டாகப் பிரிகின்றன. சுமத்ராவின் டோபா எரிமலை சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்தது. அதற்கு முன்பே நவீன மனிதர்கள் தென்னிந்தியாவுக்கு வந்துவிட்டார்கள் என்று ஜ்வாலாபுரத்தில் எரிமலைச் சாம்பலுக்கு மேலும் கீழும் கிடைத்த கருவிகளை வைத்து மைக்கேல் பெட்ராக்லியா குழுவினர் 2007இல் வாதிட்டார்கள். இல்லை, 60,000 ஆண்டுகளுக்குப் பிறகு, நுண்கருவி நுட்பத்தோடு ஆப்பிரிக்காவிலிருந்து கடற்கரையோரமாக வந்தார்கள் என்றார் பால் மெல்லர்ஸ். கடற்கரைவழிக் கருத்துக்கு மதுரையிலிருந்தும் ஓர் ஆதரவு வந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பிச்சப்பனும் ஸ்பென்சர் வெல்ஸும் எம்130 என்ற மிகப் பழைய மரபணுக் குறியை மதுரைப் பக்கத்து ஆண்களிடம் கண்டார்கள். ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளிடம் மிகுதியாக உள்ள அதே குறி. ஆனால் கடற்கரை வழியாகப் போனவர்கள் தங்கிய இடமெல்லாம் இன்று கடலுக்கு அடியில் இருக்கிறது. எதிர்ப்பவர் தோண்டவும் முடியாத, ஆதரிப்பவர் காட்டவும் முடியாத வசதியான கோட்பாடு அது.

இலங்கையின் இரணைமடுக் குளத்தை ஒட்டிப் பெயர்பெற்ற செம்மணல் படிவம் வடக்கிலும் வடமேற்குக் கரையிலும் கிடக்கிறது. தேரியைப் பார்த்துவிட்டுப் போகிறவருக்கு அது ஊர்ப்பக்கம்போலத் தோன்றும். அதன் அடியிலுள்ள சரளைப் படிவத்தில் பழைய கற்காலக் கருவிகள் கிடைத்துள்ளன. மன்னாருக்குத் தெற்கே, வில்பத்துக் காட்டின் கடலோரத்தில் பொம்பரிப்பு. அங்குள்ள முதுமக்கள் தாழிகளும் கறுப்பு-சிவப்புப் பானைகளும் தாமிரபரணிக் கரையின் ஆதிச்சநல்லூரை நினைவூட்டுபவை. அவை இரும்புக் காலத்தவை. நிலம் பிரிந்து பல ஆயிரம் ஆண்டு கழிந்தபின் படகில் நடந்த போக்குவரத்தின் சாட்சிகள். வழி அதேதான், வாகனம் மட்டும் மாறியிருந்தது.

முதல் நடையின் உறுதியான சான்று இன்னும் தெற்கே, களுத்துறை மாவட்டம் புளத்சிங்களவுக்கு அருகிலுள்ள பாஹியன் குகையில் இருக்கிறது. சீனத் துறவி பாகியானின் பெயரைத் தாங்கிய இந்தப் பெரும் பாறைக்குடைவில் கிடைத்த மனிதத் தடயங்களின் வயது ஏறத்தாழ 48,000 ஆண்டு. தெற்காசியாவில் நவீன மனிதர்களின் மிகப் பழைய சான்றுகளில் இது ஒன்று. 2020இல் வெளியான ஆய்வு இங்கு கிடைத்த 130 எலும்புக் கூர்முனைகளை ஆராய்ந்தது. அவற்றில் அம்புமுனைகள் இருக்கின்றன. ஆப்பிரிக்காவுக்கு வெளியே வில்-அம்புக்கு இதைவிடப் பழைய தடயம் இல்லை என்றது. முந்தைய ஆண்டு வெளியான இன்னோர் ஆய்வு, இவர்கள் வேட்டையாடியவை பெரும்பாலும் மரக்கிளைகளில் திரியும் குரங்குகளும் மலையணில்களும் என்று காட்டியது. இரத்தினபுரி மாவட்டம் குருவிட்டைக்கு அருகிலுள்ள படதொம்பக் குகை உட்பட வேறு இடங்களின் பற்களில் ஐசோடோப்பு அளவுகளைப் பார்த்த 2015ஆம் ஆண்டு ஆய்வும் இதோடு ஒத்துப்போகிறது: பல ஆயிரம் ஆண்டுகளாக இவர்களின் உணவு மழைக்காட்டிலிருந்தே வந்தது.

கடற்கரைவழிக் கோட்பாட்டுக்கு இது நேர்விரோதமான சேதி அல்ல. ஆனால் அதை நெருடுகிற சேதி. சிப்பியும் மீனும் பொறுக்கிக்கொண்டு கரையோரமாகவே வந்தவர்கள் என்றால், வந்த வேகத்தில் அட்டைகள் மொய்க்கும் ஈரக்காட்டுக்குள் ஏறிக் குரங்கு வேட்டையில் தேர்ந்தது எப்படி? மழைக்காடு ஆதிமனிதனுக்கு ஒவ்வாத இடம் என்று ஆய்வாளர்கள் நெடுங்காலம் எழுதிவந்தார்கள். கீரிப்பாறைக் காட்டில் கிழங்கும் தேனும் எடுத்துப் பழகிய காணிக்காரர்களைக் கேட்டிருந்தால் அதை அவ்வளவு எளிதில் எழுதியிருக்க முடியாது. இலங்கைக்குள் புகுந்தவர்கள் காட்டை ஏற்கெனவே அறிந்தவர்களாக, மேற்குமலையை ஒட்டியும் கரையை ஒட்டியும் இரண்டு வழியாகவும் இறங்கி வந்தவர்களாக இருந்தார்கள் என்பதே இந்தச் சான்றுகளோடு அதிகம் பொருந்தும் விளக்கம்.

கடலை அவர்கள் மறந்துவிடவும் இல்லை. கடற்கரையிலிருந்து தொலைவில், குரங்கெலும்பும் நத்தை ஓடும் குவிந்த அதே குகைத் தரைகளில், கடற்சிப்பியைத் துளையிட்டுச் செய்த மணிகள் கிடைத்திருக்கின்றன.